கூத்து முதல் கச்சேரி வரை: வடசென்னையிலிருந்து நேரில் போய்ப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கச்சேரி என்றால் மயிலாப்பூர், நாடகம் என்றால் தி.நகர் என்று வடசென்னையில் பலருக்கும் ஒரு நினைப்பு. பாலம் தாண்டி, வண்டி மாறி, தெரியாத கூட்டத்துக்கு நடுவே போய் உட்கார வேண்டும். நமக்கு எதற்கு அந்த வேலை, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பழைய சென்னையின் பாட்டும் நாடகமும் வளர்ந்தது இந்தப் பக்கத்தில்தான். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள், சென்ட்ரலை ஒட்டிய விக்டோரியா பப்ளிக் ஹாலில் மேடையேறின. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன்காரர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்திருப்பார்கள். முத்துசாமி தீட்சிதர் இளம் வயதில் மணலியில் இருந்தவர். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்ததைக் கேட்டுத்தான் அவர் மேற்கத்திய மெட்டுகளில் நோட்டு ஸ்வரங்கள் என்ற பாட்டுகளை அமைத்தார் என்று சொல்வார்கள். மணலியிலிருந்து கோட்டைக்கு அன்றைக்கு மெட்ரோ எல்லாம் இல்லை. அவர் போய்க் கேட்டிருக்கிறார்.

அதனால் இந்த வழிகாட்டி நம் தெருவிலிருந்து கிளம்புகிறது. தெருமுனைக் கூத்தில் உட்காரப் பழகிவிட்டால் சபாவில் உட்காருவது பெரிய விஷயமில்லை. திருப்பிச் செய்தால்தான் சிரமம்.

1. எங்கே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது

சபா நிகழ்ச்சிகளுக்கு நாளிதழ்ப் பட்டியல் உண்டு, டிக்கெட் தளங்கள் உண்டு. நம் பக்கத்து நிகழ்ச்சிகளுக்குச் சுவர்தான் பத்திரிகை. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு கோயில் திருவிழா என்றால் போஸ்டர் ஒட்டுவார்கள், வசூலுக்கு வரும்போது நோட்டீஸ் கொடுப்பார்கள். அந்த நோட்டீஸை மடித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள். அபிஷேகம், அன்னதானம், வாணவேடிக்கை எல்லாம் முடிந்து அடியில் சின்ன எழுத்தில் "இரவு தெருக்கூத்து" என்றோ "மாபெரும் இன்னிசைக் கச்சேரி" என்றோ இருக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் பகுதியில் மைக் செட் வாடகைக்கு விடுபவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு எந்தத் தெருவில் பந்தல், எந்தக் கோயிலில் ஆர்கெஸ்ட்ரா, எங்கே கூத்து, யார் வீட்டில் படத்திறப்பு என்று டைரியைப் புரட்டிச் சொல்லிவிடுவார். எந்தக் குழு நன்றாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று கேட்டவர் அவர். சென்னையில் இவரைவிடப் பெரிய இசை விமர்சகர் இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆண்டு முழுவதையும் மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: தை பிறந்ததும் பொங்கலை ஒட்டி, சென்னை சங்கமம் நம்ம ஊரு திருவிழாவில் பூங்காக்களிலும் திடல்களிலும் பறை, கரகம், ஒயில், கூத்து எல்லாம் இலவசமாக நடக்கும். மாசியில் திருவொற்றியூர்க் கோயில் பிரம்மோற்சவம். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டிப் பறையும் கானாவும். ஏப்ரல், மே மாதங்களில் சபாக்களில் கோடை நாடகங்கள். ஆடி வந்தால் கூழ் ஊற்றும் ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் ஏதாவது ஒன்று. அந்த மாதத்தில் நீங்கள் தேட வேண்டாம், அதுவே உங்கள் ஜன்னல் வழியாக வந்துவிடும். நவராத்திரியில் கோயில்களில் சின்னச் சின்னப் பாட்டுக் கச்சேரிகள். மார்கழிக்குத் தனியாகவே ஒரு பட்டியல் வேண்டும்.

2. தெருக்கூத்தில் உட்காருவது

முதல் முறை போகிறவருக்கு நான் சொல்வது கூத்துதான். டிக்கெட் இல்லை, உடை பற்றிய கவலை இல்லை, நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இன்றைக்கு என்ன கதை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பாரதக் கதையாக இருக்கும். அர்ஜுனன் தபசு, துகிலுரிதல், அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் இவற்றில் ஒன்று. கதை தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கூத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதில் சுவை இல்லை. கர்ணன் சாகப் போகிறான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். போருக்குக் கிளம்பும் கர்ணனைப் பொன்னுருவி தடுக்கும் இடத்தில் அந்த வேஷக்காரர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், பின்பாட்டுக்காரர் அந்த வரியை எத்தனை முறை வாங்கிப் பாடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கே உட்காருவது? நேர் எதிரே உட்காராதீர்கள். அங்கே ஸ்பீக்கர் பெட்டி இருக்கும், காது போய்விடும். பக்கவாட்டில், ஹார்மோனியக்காரர் முகமும் மிருதங்கக்காரர் கையும் தெரிகிற இடம் பாருங்கள். கூத்தின் பாதி அந்தப் பெஞ்சில் நடக்கிறது. ஆடுகிறவர் ஒரு அடவை முடிக்கப் போகிறார் என்பது முதலில் மிருதங்கக்காரர் தோளில் தெரியும், அப்புறம்தான் காலில் தெரியும். முகவீணை வாசிப்பவர் குழுவில் இருந்தால் அவருக்குப் பக்கமாகவே போய்விடுங்கள். நாதஸ்வரத்தின் தங்கை மாதிரி இருக்கும் அந்தச் சின்னக் குழலை இப்போது வாசிக்கிறவர்கள் குறைவு.

சீக்கிரம் போனால் வேஷம் கட்டுவதைப் பார்க்கலாம். கோயில் மண்டபத்திலோ பக்கத்து வீட்டு வராந்தாவிலோ கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாவற்றையும் கட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆகும். குழந்தைகளை அழைத்துப் போனால் இதை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பினாலும் போதும். ஆனால் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு மை எழுதும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

அப்புறம் களரி கட்டுவார்கள். வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசித்து ஊரைக் கூப்பிடுகிற நேரம் அது. கடவுள் வாழ்த்து முடிந்து கட்டியங்காரன் வருவான். இவன்தான் உங்களுக்கும் கதைக்கும் நடுவில் நிற்கிற ஆள். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு உங்கள் தெருவில் மூன்று நாளாகத் தண்ணி லாரி வராததைப் பற்றிப் பேசுவான், முன்வரிசையில் தூங்கி விழுகிறவரைப் பெயர் சொல்லி எழுப்புவான். குழு அன்றைக்கு மதியம் தெருவுக்கு வந்து இறங்கியதிலிருந்து அவன் இதையெல்லாம் கேட்டு வைத்திருப்பான். அதே கூத்து நாளைக்கு எண்ணூரில் நடந்தால் இந்தப் பேச்சு இருக்காது. போனில் பார்க்கிற கூத்தில் உங்களுக்குக் கிடைக்காதது முதலில் இதுதான்.

முக்கிய வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து குரல் வரும், கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும், முகம் மட்டும் தெரியாது. தன் பெயரும் பெருமையும் பாடி, கூட்டத்தை நன்றாக ஏங்க வைத்துவிட்டுத்தான் திரை விலகும். உடனே ஒரு சுற்று, அதற்கு மேல் ஒரு சுற்று. இந்த இடத்தில் விசில் அடிக்கலாம், கைதட்டலாம். அடிக்க வேண்டும் என்றே சொல்வேன். கூட்டம் சும்மா இருந்தால் ஆடுகிறவர் மூன்று சுற்றில் நிறுத்திக்கொள்வார்.

துகிலுரிதல் மாதிரிக் கதைகளில் கூட்டத்தின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நிற்பார்கள். சில இடங்களில் திரௌபதி வேஷத்துக்குக் கற்பூரம் காட்டுவதும் உண்டு. வேஷம் கட்டியவர் ஓர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கும்பிடுவார்கள். பக்தி இல்லாதவர்கூட அந்த நேரத்தில் கொஞ்சம் அடங்கி உட்காருவது நல்லது.

கிராமத்தில் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். நகரத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. திருவிழா நாட்களில் சில சமயம் நள்ளிரவு வரை அனுமதி கிடைக்கும். அதனால் இங்கே பல கூத்துகள் மாலையிலேயே தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. முழு இரவுக் கூத்து பார்க்க வேண்டும் என்றால் கோடையில் செய்யாறு, வந்தவாசிப் பக்கம் யாராவது உறவினர் இருக்கிறார்களா என்று பாருங்கள். கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமமும் அந்தப் பக்கம்தான். கூத்துக்குக் கையில் எடுத்துப் போக வேண்டியது: விரிக்க ஒரு பாய், போர்த்த ஒரு துண்டு, கொஞ்சம் பணம். கூத்தில் பிடித்துப்போனால் அன்பளிப்பு கொடுக்கலாம். கட்டியங்காரன் உங்கள் பெயரை மைக்கில் சொல்வான், கூச்சமாக இருந்தால் "ஒரு ரசிகர்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

3. கானாவும் ஆர்கெஸ்ட்ராவும்

கானா நம் வீட்டுப் பாட்டு. ஆனால் அதை நேரில் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அது பிறந்து வளர்ந்த இடம் சாவு வீடு. இறந்தவரைப் பற்றி, அவர் செய்த வேலையைப் பற்றி, விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றி, இரவு முழுக்கச் சட்டி, டோலக் தாளத்தோடு பாடுவார்கள். அங்கே சொந்தம், பழக்கம் என்ற முறையில் போகலாம். கலை பார்க்கப் போகிறேன் என்று போகாதீர்கள். யார் கேட்டாலும் வீடியோ எடுக்காதீர்கள். பதினாறாம் நாள் படத்திறப்பில் வைக்கும் கானா கச்சேரி கொஞ்சம் வேறு. அங்கே மேடை போட்டு, போஸ்டர் ஒட்டி, தெருவே உட்கார்ந்து கேட்கும். வெளியாளாகப் போனாலும் ஒரு ஓரமாக நாற்காலி போடுவார்கள்.

மேடைக் கானா கேட்க வேண்டும் என்றால் இப்போது நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. 2020 முதல் நீலம் நடத்தும் மார்கழியில் மக்களிசையில் கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் வரிசையாக மேடையேறுகின்றன. இதே மார்கழியில் அங்கே ஒரு நாளும் சபாவில் ஒரு நாளும் போய்ப் பாருங்கள் என்பது என் யோசனை.

கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பாட்டு சாமிப் பாட்டு, கடைசியில் குத்துப் பாட்டு, நடுவில் பழைய பாட்டு. அந்த நடுப்பகுதிக்குப் போங்கள். பெரிய குரல் இல்லாத, முப்பது வருடமாக ஒரே பாடகரின் பாட்டையே பாடிவருகிற ஒரு மனிதர் வருவார். அவர் பாடும்போது கீபோர்டுக்காரர் மட்டும் அடக்கி வாசித்தால் நன்றாக இருக்கும், ஆனால் அடக்கி வாசிக்க மாட்டார்.

4. கோயில் வாசலில் நாதஸ்வரம்

சபாவுக்குப் போகும் முன் காதைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் திருவிழா நாட்களில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் போய் நில்லுங்கள். நாதஸ்வரமும் தவிலும் வெட்டவெளிக்காகவே பிறந்த வாத்தியங்கள். மண்டபத்துக்குள் மைக் வைத்துக் கேட்டால் காதைக் குத்தும். பிரகாரத்தில் இருபது அடி தள்ளி நின்று கேட்டால் கல்லில் பட்டு உருண்டு வரும்.

பாட்டுகள் இயற்றிய திருவையாறு தியாகராஜர் இந்தக் கோயிலுக்கு வந்து அம்மன் திரிபுரசுந்தரி மேல், நாம் சொல்லும் வடிவுடையம்மன் மேல், ஐந்து கிருதிகள், அதாவது கச்சேரிப் பாட்டுகள், பாடியிருக்கிறார். பேகடை, ஆரபி, கல்யாணி, சாவேரி, சுத்த சாவேரி என்று ஐந்து ராகங்களில். திருவொற்றியூர்ப் பஞ்சரத்னம் என்று தேடினால் கிடைக்கும். வீட்டில் நாலைந்து முறை கேட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சன்னதியில் போய் நில்லுங்கள். கல்யாணி என்ற ராகம் சினிமாப் பாட்டு வழியாக உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான், பெயர் மட்டும் தெரியாமல் இருந்திருக்கும்.

5. டிசம்பர் சீசனில் சபாவுக்குள் நுழைவது

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்ற பழக்கம் அப்படி வந்ததுதான். அகாடமியின் முக்கிய விழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 வரை போகும். மற்ற சபாக்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

எந்த நேரத்துக்குப் போவது என்பதுதான் முக்கியம். மாலைக் கச்சேரி பெரிய வித்வான்களுடையது, டிக்கெட் உண்டு. ஆனால் பல சபாக்களில் காலையும் மதியமும் நடக்கும் கச்சேரிகள் இலவசம். இளம் கலைஞர்கள் பாடுவார்கள், முன்னால் இடம் கிடைக்கும், பிடிக்காவிட்டால் ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து போகலாம். முதல் இரண்டு மூன்று முறை மதியக் கச்சேரிக்கே போங்கள். பெரிய பெயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து முதல் நாளே போனால், புரியாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசுக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உடைக்கு விதி எதுவும் கிடையாது. பட்டுப் புடவையும் இருக்கும், அலுவலகத்திலிருந்து நேராக வந்த சட்டை பேண்ட்டும் இருக்கும். யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் நீங்கள் தாளம் போடும் கையைத்தான் பார்ப்பார்கள், அதுவும் தப்பாகப் போட்டால்.

கச்சேரியின் வரிசை தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். இன்று நாம் கேட்கும் அமைப்பைப் பெரும்பாலும் வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதலில் வர்ணம், குரல் சூடு பிடிப்பதற்கு. அப்புறம் சின்னக் கிருதிகள். நடுவில் ஒரு ராகத்தை எடுத்து, சொல் எதுவும் இல்லாமல் மெல்ல விரிப்பார்கள்; இது ஆலாபனை. பாடகர் முடித்ததும் வயலின்காரர் அதே ராகத்தைத் தன் வழியில் சொல்வார். அந்த இடத்தில் பாடகர் முகத்தைப் பாருங்கள். வயலினில் ஒரு நல்ல பிடி வந்துவிட்டால் அவரே "பலே" என்பார், அடுத்த முறை அவர் பாடும்போது அந்தப் பிடிக்குப் பதில் சொல்வார். பிறகு ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவல், அதன்பின் ச ரி க ம என்று ஸ்வரங்களையே கோத்துப் பாடும் கல்பனா ஸ்வரம். இவை எழுதி வைத்துப் பாடுவதில்லை. அன்றைக்கு, அந்தக் கூட்டத்துக்கு முன்னால், அப்போதே வருவது. கூட்டம் தலையாட்டினால் ஆலாபனை நீளும். கூட்டம் கேன்டீனை நினைத்தால் சுருங்கிவிடும். கட்டியங்காரன் உங்கள் தெருவைப் பார்த்துப் பேசினான் இல்லையா, அந்த வேலையை இங்கே ராகம் செய்கிறது.

பெரிய பாட்டு முடியும் இடத்தில் தனி ஆவர்த்தனம் வரும். மிருதங்கம், சில சமயம் கடம், கஞ்சிரா. பாடகர் கையை மடித்துவிடுவார், தாளவாத்தியங்கள் மட்டும் பேசிக்கொள்ளும். இந்த நேரம் பார்த்து பாதி மண்டபம் எழுந்து காபி குடிக்கப் போகும். நீங்கள் போகாதீர்கள். இது சபாக்களின் பழைய கெட்ட பழக்கம், எத்தனை வித்வான்கள் வருத்தப்பட்டுச் சொல்லியும் மாறவில்லை. பறையும் சட்டியும் கேட்டு வளர்ந்த காதுக்குக் கச்சேரியிலேயே சுலபமாகப் பிடிபடுவது தனிதான். பாட்டு ஆதி தாளம் என்றால் தொடையில் எட்டு எண்ணிக்கை போட்டுக்கொண்டே இருங்கள். மிருதங்கம் எங்கெங்கோ போய், கணக்கெல்லாம் உடைந்துவிட்டது என்று தோன்றும் நேரத்தில் கோர்வை என்ற முடிப்புக் கணக்கு முடிந்து பாட்டின் முதல் சொல்லில் வந்து விழும். மண்டபமே அந்த இடத்தில் மூச்சு விடும்.

கடைசியில் துக்கடாக்கள் என்ற சின்னப் பாட்டுகள், மங்களம். தமிழ்ப் பாட்டுகள் அதிகமும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. சிலர் முதன்மைப் பாட்டாகவே தமிழை எடுக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போவது உங்கள் விருப்பம். கேன்டீன் எப்படி என்று கேட்டால், நன்றாக இருக்கும், விலையும் கூட இருக்கும். பசியோடு போவதற்குப் பதில் பாரிமுனையில் ஒரு தட்டு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

6. மேடை நாடகம், வீதி நாடகம்

சபா நாடகம் பெரும்பாலும் மாலை 7 மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடியும். குடும்பத்தோடு போகலாம், சிரிப்புக்கு உத்தரவாதம் அதிகம். கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக வரும்.

கூத்தில் தொடங்கியவருக்கு நவீன நாடகம் இன்னும் நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் பெயரிலேயே அது இருக்கிறது. நடிகரின் உடம்பைத் தயார்படுத்தக் கூத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள். இத்தகைய நாடகங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் மியூசியம் தியேட்டரிலும் அலையன்ஸ் ஃபிரான்சேஸிலும் அவ்வப்போது நடக்கும். மியூசியம் தியேட்டர் 1896-ல் கட்டியது. அரைவட்டமாக இருக்கைகள் படிப்படியாக ஏறும், எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நாடகம் எப்படி இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்காக ஒரு முறை போகலாம்.

வீதி நாடகத்தைத் தேடிப் போக முடியாது, அதுதான் உங்களைத் தேடி வரும். பிரளயன் இயக்கும் சென்னைக் கலைக்குழு 1984 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. ரயில் நிலைய வாசலிலோ தொழிற்சாலை கேட்டிலோ ஒரு வட்டம் கூடி டமாரம் அடிப்பது கேட்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

7. டிக்கெட்டும் திரும்பி வருவதும்

டிக்கெட் வாங்கும்போது முன்வரிசை மோகம் வேண்டாம். கச்சேரிக்கு நடு வரிசையில்தான் ஒலி சமமாக இருக்கும். நாடகத்துக்கு மூன்றாவது, நான்காவது வரிசை. முகமும் தெரியும், மேடை முழுக்கவும் கண்ணில் அடங்கும். மைதானத்தில் நடக்கும் பெரிய சினிமா இசை நிகழ்ச்சிக்குப் போவதாக இருந்தால் டிக்கெட்டில் எந்த நுழைவாயில் என்று போட்டிருக்கிறது எனப் பார்த்து, அறிவித்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போங்கள், சொந்த வண்டி வேண்டாம். கூட்டம் கட்டுக்கடங்காமல் போவதாகத் தோன்றினால் பாட்டைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

போக்குவரத்தில் நம் நிலைமை இப்போது மோசமில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. திருவொற்றியூர் தேரடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் ஏஜி டிஎம்எஸ், தேனாம்பேட்டை வரை போகலாம். அங்கிருந்து மியூசிக் அகாடமிக்கும் நாரத கான சபாவுக்கும் சின்ன ஆட்டோ தூரம். மயிலாப்பூருக்குக் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்து திருமயிலையில் இறங்கலாம். எழும்பூருக்கு சென்ட்ரலில் மெட்ரோ மாற வேண்டும். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். ஒன்பது, ஒன்பதரைக்கு முடியும் நிகழ்ச்சிக்கு இது போதும். ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன் ஆட்டோவுக்கு ஓடாமல் இருக்க, திரும்பும் வழியைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மண்டபத்தில் படிக்கட்டு எத்தனை, கழிப்பறை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். பழைய மண்டபங்களில் இது பெரிய தலைவலி. குழந்தை அழுதால் வெட்கப்படாமல் வெளியே தூக்கிப் போங்கள், பிறகு உள்ளே வாருங்கள். போனை அணைத்துப் பையில் போடுங்கள். அமைதியில் வைப்பது போதாது. இருட்டில் உங்கள் திரை வெளிச்சம் பின்னால் இருக்கும் பத்துப் பேருக்குத் தெரியும்.

8. உங்கள் தெருவில் நீங்களே வைப்பது

இதுவரை வந்தவருக்கு இந்த ஆசை கண்டிப்பாக வரும். ஆடித் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக ஒரு கூத்து, பொங்கலுக்கு ஒரு பறைக்குழு, மாடியில் நாற்பது பேருக்கு ஒரு வயலின் கச்சேரி. மாடிக் கச்சேரிக்கு மைக்கே வேண்டாம், பாயும் தண்ணீரும் போதும்.

தெருவில் வைப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தெருவை மறிப்பதாக இருந்தால் போக்குவரத்துக் காவலையும் பார்க்க வேண்டும். கரண்ட்டைக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு எடுக்காதீர்கள், ஜெனரேட்டர் சொல்லுங்கள். பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ உடம்பு சரியில்லாதவரோ இருந்தால் முதலில் அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

குழுவின் வாத்தியாரிடம் நேரில் பேசுங்கள். என்ன கதை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வேன் வாடகை யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். கூலியில் பேரம் பேசாதீர்கள். காசு குறைவாக இருந்தால் ஆட்களைக் குறைக்கச் சொல்லாமல் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு பின்பாட்டுக்காரர்களை வெட்டினால் கூத்தே விழுந்துவிடும். வேஷம் கட்ட மின்விசிறியும் நல்ல வெளிச்சமும் உள்ள ஓர் அறை, ஒரு பெரிய கண்ணாடி, முகம் கழுவத் தண்ணீர், அரிதாரம் கலைக்கத் தேங்காய் எண்ணெய் தயாராக இருக்கட்டும். மேடை போடாமல் தரையிலேயே விட்டால் அவர்களுக்கும் பிடிக்கும், பார்க்கிறவருக்கும் நல்லது. சாப்பாட்டை ஆட்டத்துக்கு முன்னால் லேசாகவும் முடிந்தபின் வயிறாரவும் கொடுங்கள். மீதிப் பணத்தை "காலையில் கமிட்டியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளாமல், கிரீடத்தைக் கழற்றி வைத்ததும் வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள். வேன் ஓட்டி வந்தவருக்கும் ஓர் இலை போடச் சொல்லுங்கள்.